சிகிரியாவைத் தைலவண்ணத்தில் தீட்டலாமா?

கேள்வி: சிகிரியாச் சுவரோவியங்களையும் நாலந்தா கெடிகேயையும் தைலவண்ணத்தில் வரைய ஆசை. சுண்ணச்சாந்தில் இருப்பதை எண்ணெயில் எடுப்பது சரியா? – வாசகி, மாத்தளை

பதில்: தாராளமாக வரையுங்கள். தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல்லின் காலத்தில், 1896–97இல், டி.ஏ.எல். பெரேரா அந்தப் பெண்ணுருவங்களைத் தைலவண்ணத்தில்தான் படியெடுத்தார். செங்குத்துப் பாறையின் குழிவில், அவ்வளவு உயரத்தில் செய்த வேலை அது! 1967இல் விஷமிகள் மூல ஓவியங்களில் பச்சைச் சாயம் பூசிச் சிதைத்ததை நினைத்தால், இத்தகைய படிகளின் பெறுமதி புரியும்.

சிக்கல் பளபளப்பில்தான். மூலத்தில் மினுக்கம் கிடையாது, எண்ணெய் மினுங்கும். முதற் பூச்சுகளை டர்பன்டைனில் நன்றாகக் கரைத்து மெல்லியதாகப் பூசுங்கள். எண்ணெய் மேற்பூச்சுகளில் மட்டும் சற்றுக் கூடட்டும். மினுக்கு வார்னிஷ் வேண்டாம். காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகியவற்றைக் கொண்டே பெரும்பகுதியை முடிக்கலாம். மேலே படம் பிடிக்கத் தடை என்பதால் பென்சிலும் சிறு கொப்பியும் கொண்டுபோங்கள்.

கெடிகேயை அங்கேயே நின்று வரைவதுதான் அழகு. போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் மறுபடி அடுக்கிய கோயில் அது. எனவே பின்னணியில் தெரியும் நீரையும் தவறாமல் சேருங்கள். அதுவும் அதன் வரலாறுதான். காலை வெயில் சாய்வாக விழும்போது சிற்பங்களின் நிழல் தெளிவாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் நிழல் இடம் மாறிவிடும். ஆகவே நிழல்களை முதலில் பிடித்துவிட்டு, கல்லின் நிறத்தைப் பிறகு கவனியுங்கள். மழைக்காலத்தில் வண்ணம் காயச் சுணங்கும். ஈரக் கன்வஸை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.