கையா, தொடையா?

அன்புத் தம்பிக்கு,

இருதய மருத்துவ மேற்படிப்பில் உனக்கு இடம் கிடைத்ததில் வீடே மகிழ்ந்திருக்கிறது. கேத் லேபில் நீ நுழைந்த முதல் நாளே ஒரு கேள்வி காதில் விழும்: "கை வழியா, தொடை வழியா?" இதய நாடிகளுக்குக் கதீட்டரை எந்த வழியில் செலுத்துவது என்பதுதான் அது. அதைப் பற்றி உன்னிடம் முன்கூட்டியே பேசிவிட நினைக்கிறேன்.

1967இல் ஜட்கின்ஸ் தன் கதீட்டர்களோடு தொடை வழியை எளிதாக்கியபின், அரை நூற்றாண்டுக்கு அருகே உலகம் அந்த வழியில்தான் நடந்தது. 1989இல் மொன்றியலில் லூசியன் கம்போ மணிக்கட்டு நாடி வழியாக நூறு பேருக்கு ஆஞ்சியோ செய்ய முயன்றதை எழுதினார். 1992இல் ஆம்ஸ்டர்டாமில் கீமெனை அதே வழியில் அடைப்பையும் நீக்கினார். நம் நாட்டில் அகமதாபாத்தின் தேஜஸ் படேல் இந்த வழியில் ஏராளமான மருத்துவர்களைப் பழக்கினார்.

இது ஏன் நமக்கு முக்கியம் என்பதற்கு வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரை நினைத்துக்கொள். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தருகிறார்கள். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் அதற்குத்தான். அடுத்த மருத்துவமனையில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. பிறகு 108 வண்டியில் மதுரை. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை 2,420 மாரடைப்பு நோயாளிகளை வைத்து நடந்த ஸ்டெமி திட்டம், சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இப்படி இணைத்தபோது ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்ததைக் காட்டியது. நல்ல ஏற்பாடு. ஆனால் இத்தனை மருந்துகளோடு மேசையில் படுக்கும்போது அந்த மனிதரின் ரத்தம் எளிதில் உறையாது. அந்த நேரத்தில் தொடையில் ஊசி சற்று மேலே பட்டுவிட்டால், ரத்தம் வயிற்றின் பின்புறம் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, அழுத்தம் சரியும்போதுதான் தெரியும். மணிக்கட்டு நாடி தோலுக்கு அடியிலேயே, எலும்பின் மேல் ஓடுகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் ரத்தம் நிற்கும். நோயாளி அன்றே எழுந்து உட்காருவார். மருந்து முதலில், ஆஞ்சியோ பிறகு என்று நடக்கும் நம் மாவட்டம் போன்ற இடங்களுக்குக் கை வழியே முதல் வழி என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அது சும்மா வராது. இரு வழிகளையும் ஒப்பிட்டு 2011இல் வெளிவந்த ரைவல் ஆய்வில் 7,021 பேர் இருந்தார்கள். ஆய்வின் முதன்மை முடிவில் இரு வழிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கை வழியில் நிறையச் செய்து பழகிய மருத்துவமனைகளில் அதன் பலன் தெளிவாகத் தெரிந்தது. 30 முதல் 50 பேருக்குச் செய்தபிறகே கை படியும் என்று பயிற்சி பற்றிய ஆய்வு சொல்கிறது. அந்த முதல் ஐம்பதை மாரடைப்போடு வருபவரிடம் தொடங்காதே. நிதானமாகச் செய்யக்கூடிய ஆஞ்சியோவில் தொடங்கு. நாடியின் உள்விட்டம் 2 முதல் 3 மில்லிமீட்டர். 6 பிரெஞ்ச் கதீட்டரே 2 மில்லிமீட்டர். பயந்த நோயாளியின் நாடி சுருங்கிக் கதீட்டரை இறுகப் பிடித்துக்கொள்ளும். வலிக்கு மருந்து கொடு, நைட்ரோகிளிசரின் கொடு, அவரோடு பேசு. வயர் தடைபட்டால் தள்ளாதே. சிறிது சாயம் செலுத்திப் பார். முழங்கைப் பக்கம் நாடி வளையம் போட்டுச் சுற்றியிருக்கலாம்.

முடித்தபின் கட்டும் பட்டையை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதே. இதை அழுத்திச் சொல்கிறேன். ரத்தம் வராத அளவுக்கு மட்டும் இறுக்கி, நாடியில் ஓட்டம் இருக்கும்படி விட வேண்டும். 2008இல் பஞ்சோலி குழுவினர் 436 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு நாளில் நாடி அடைபடுவது 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அடைபட்டாலும் மற்ற நாடி கையைக் காப்பாற்றிவிடும் என்பார்கள், பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அடுத்த முறை அந்த வழி இருக்காது. பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவரும், ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குபவரும் அந்தக் கையால்தான் வாழ்கிறார்கள். சிறுநீரகம் பழுதடைந்து நாளை டயாலிசிஸுக்கு அந்த நாடியே தேவைப்படக்கூடியவராக இருந்தால், கை நாடியைத் தொடும் முன்பு சிறுநீரக மருத்துவரைக் கேள்.

இனித் தொடை. அது பழைய வழி, நமக்கு வேண்டாம் என்று இருந்துவிடாதே. என் தலைமுறை தொடை வழியிலேயே பழகியது. உனக்கு அந்த வாய்ப்பு குறைவு. கை வழியே செய்து பழகியவர்களிடம் தொடை வழி வரும்போது சிக்கல்கள் கூடுவதை, மொன்றியல் மருத்துவர்கள் கம்போவின் பெயராலேயே ஒரு முரண்பாடாகச் சுட்டினார்கள். அதிர்ச்சி நிலையில் பலூன் பம்ப் வைக்க வேண்டும் என்றாலும், வயதானவருக்கு அறுவையின்றி வால்வு மாற்ற வேண்டும் என்றாலும் தொடைக்குத்தான் வர வேண்டியிருக்கும். நோயாளி சாகக் கிடக்கும் அந்த இரவில் முதன்முறையாகக் கற்றுக்கொள்ள முடியாது.

ஆகவே தொடை வழி வரும் ஒவ்வொரு நோயாளியையும் கேட்டு வாங்கிக்கொள். தொடை எலும்பின் தலையை எக்ஸ்ரேயில் பார்த்துக் குறித்துக்கொள், அல்ட்ராசவுண்டில் நாடி பிரியுமிடத்தைக் கண்டு அதற்கு மேலே குத்து. நாடியில் வைத்த ஷீத் குழாயை எடுத்தபின் நீயே நின்று அழுத்து. அதை வேறொருவர் கையில் விடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா