வான் டெர் ஸ்டெல் கொண்டுவந்தவை

உங்கள் பிள்ளைகளின் தேசப்படத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்து மகாசமுத்திரத்தில் சிறு புள்ளியாக ஒரு தீவு தெரியும். அதுவே மொரீஷியஸ். 1638-ல் ஒல்லாந்தர் அதன் தென்கிழக்குக் கரையில் குடியேறியபோது, பூர்வகுடிகள் என்று சொல்ல அங்கே எவருமில்லை. காடும், ஆமைகளும், பறக்கத் தெரியாத டோடோ பறவையுமே இருந்தன.

மறு வருஷம் அந்தக் குடியேற்றத்தின் தலைவராக வந்து சேர்ந்தவர் ஏட்ரியன் வான் டெர் ஸ்டெல். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர், சுறுசுறுப்பான மனிதர். ஜாவாவிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டவர் அவரே. அவற்றின் வம்சம் இன்றும் அங்கே மேய்கிறது. கரும்பும் அவர் கொண்டுவந்ததுதான். (19-ம் நூற்றாண்டில் நம்மவர் ஆயிரக்கணக்கில் கப்பலேறிப் போய் அத்தீவில் வெட்டியது கரும்பைத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.) 1642-ல் டாஸ்மன் என்னும் மாலுமி தம் இரு கப்பல்களையும் பழுதுபார்த்துக்கொண்டது இவருடைய துறையில்தான். அங்கிருந்து புறப்பட்டுப் போய்த்தான் அவர் டாஸ்மேனியாவையும் நியூஸிலாந்தையும் ஐரோப்பியருள் முதல்வராகக் கண்டார்.

கம்பெனிக்கு வேண்டியதோ கருங்காலி மரம். மரத்தை வெட்டிக் கரைக்கு இழுத்துவர ஆட்கள் போதவில்லை. ஆகவே 1641-ல் வான் டெர் ஸ்டெல் மடகாஸ்கரிலிருந்து 105 பேரை அடிமைகளாகக் கொண்டுவந்தார். சில வாரங்களுக்குள் அவர்களில் 52 பேர் காட்டுக்குள் ஓடிப்போனார்கள். தேடிப் பிடிக்க முடிந்தது 18 பேரைத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 34 பேர் மீண்டும் அகப்படவே இல்லை. கரும்பையும் மானையும் பற்றி எழுதுகிறவர்கள் இந்த 34 பேரைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது நியாயமா?

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். இவருடைய மனைவி மரியாவின் தாயார் மோனிக்கா, நம் இந்தியக் கரையைச் சேர்ந்தவர். அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். அடிமைத்தனம் இன்னதென்று அறிந்த ஒருத்தியின் மருமகன்தான் அந்தக் கப்பலை அனுப்பினார்! அம்மோனிக்காவின் பேரன் சீமோன் பிற்காலத்தில் தென் ஆப்பிரிக்காவின் கேப் நாட்டுக்குக் கவர்னரானார். ஸ்டெல்லன்போஷ் நகரம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தந்தை 1645-ல் தீவை விட்டு நீங்கினார். 1646-ல் இலங்கையில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படையோடு நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். சீமோனுக்கு அப்போது ஏழு வயது நிரம்பவில்லை.