வரைபடம் போட்டால் வரி கூடுமா?

கேள்வி: இலவச வரைபட மென்பொருளை வைத்தே மாநகராட்சி சொத்து வரி வசூலைக் கூட்டலாம் என்கிறார்களே, நடக்கிற காரியமா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: நடக்கும். க்யூஜிஐஎஸ் அப்படிப்பட்ட ஒரு திறமூல வரைபட மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. செயற்கைக்கோள் படத்தின் மேல் ஒவ்வொரு கட்டடத்தையும் வரைந்து, வரிப் பதிவேட்டு எண்ணை அதனோடு இணைத்தால், எண் இல்லாத கட்டடங்கள் தனியே தெரிந்துவிடும். சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுன் 2020-இல் செயற்கைக்கோள் படங்களின் துணையோடு சொத்துகளைக் கணக்கெடுத்தபோது, பட்டியல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

ஆனால், சென்னையில் தியாகராய நகர் போன்ற கடைத்தெருப் பகுதியில் சிக்கல் வேறு. ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் அது குடியிருப்பு. தரைத்தளத்தில் ஜவுளிக்கடை, முதல் மாடியில் குடோன், மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. வானிலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும். இங்கே வரி என்பது தெருவின் அடிப்படை மதிப்பு, பரப்பளவு, பயன்பாடு மூன்றையும் பொறுத்தது. பயன்பாட்டை அறிய ஒருவர் படியேறித்தான் ஆகவேண்டும். அதற்கு ஆள் போடாமல் படத்துக்கே பணத்தைக் கொட்டுவது வீண்.

சென்னையில் 1998-க்குப் பிறகு 2022-இல்தான் சொத்து வரி சீரமைத்து உயர்த்தப்பட்டது. அந்த உயர்வின் சுமை ஒழுங்காகக் கட்டிவந்தவர்கள் தலையில்தான் முதலில் விழுந்தது. விடுபட்டவர்களை அதற்கு முன்பே தேடியிருக்க வேண்டும். இந்தத் தேடலில் பொதுமக்களும் உதவலாம். 2015 சென்னை வெள்ளத்தின்போது தண்ணீர் தேங்கிய தெருக்களை, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தின் துணையோடு குறித்தவர்கள் அவர்களே. உரிமையாளர் பெயரை நீக்கிவிட்டு, தெருவாரியான வரி வரைபடத்தையும் மாநகராட்சி அவர்கள் பார்வைக்கு வைக்கலாம்.