நான்கு விநாடியில் எத்தனை தட்டல்?

மாணவர்களே, வீட்டுக் கார் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது முன்மூடிக்குள் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். “பழைய காடி, அப்படித்தான் இருக்கும்” என்கிறார் அப்பா. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் படிவம் 4 இயற்பியலில் படித்த அதிர்வெண்ணை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள சுழற்சி முள்ளைப் பாருங்கள். கார் நகராமல் ஓடும்போது முள் ஏறக்குறைய 750-இல் நிற்கும். நிமிடத்துக்கு 750 சுற்று. 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 12.5 சுற்று. இது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் வேகம். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டோ இதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சல், அழுத்தம், எரிதல், வெளியேற்றம் ஆகிய நான்கும் முடியக் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறைதான் திறக்கிறது.

ஆகவே ஒரு வால்வின் மேல்பகுதியில் இடைவெளி கூடிப்போயிருந்தால், விநாடிக்கு 6 தட்டலுக்குச் சற்று மேல் கேட்கும். கிராங்க் தண்டையும் பிஸ்டனையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தால், பொதுவாகச் சுற்றுக்கு ஒரு தட்டல். அதாவது விநாடிக்குப் பன்னிரண்டரை. காதால் இதை எண்ண முடியாது. கைத்தொலைபேசியில் நான்கு விநாடி பதிவு செய்து, வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்துக் கேளுங்கள். 25-ஐ ஒட்டி வந்தால் வால்வுப் பக்கம் சந்தேகம். 50-ஐ ஒட்டி வந்தால் எஞ்சினை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? என் கதையைக் கேளுங்கள். ஆசிரியர் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு, பேராக்கில் ஒரு சிறிய ஊரில் பணி. தீபாவளிக்கு முதல் நாள் என் பழைய காரில் கிள்ளானுக்குக் கிளம்பினேன். தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் கீழிருந்து கனமான ‘டக் டக்’ சத்தம். எண்ணெயை மிதித்தால் கூடியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வானொலிச் சத்தத்தைக் கூட்டினேன். ரவாங் வருவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இழுவை லோரி, ஹாஃப்கட் எஞ்சின், கூலி எல்லாம் சேர்த்து இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. இயற்பியல் பட்டதாரிக்கு இது தேவைதான்!

கழற்றிய எஞ்சினைப் போர்மேன் காட்டினார். ‘மிஞ்ஞாக் ஈத்தாம்’ என்கிறோமே, அந்த எஞ்சின் எண்ணெய் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே அழுத்தத்துடன் ஓடும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் உலோகத்தை உலோகம் தொடாமல் காக்கிறது. படலம் அறுந்தால் உராய்வு, வெப்பம், தேய்மானம். இடைவெளி கூடக்கூட, பிஸ்டன் திரும்பும்போதெல்லாம் ராட் தண்டில் மோதுகிறது. அதுதான் நான் கேட்ட தட்டல். எண்ணெய்க் குடம் வடிவிலான சிவப்பு விளக்கு ஓட்டும்போது எரிந்தால், ‘அடுத்த பெட்ரோல் நிலையம் வரை போகலாம்’ என்ற பேச்சே கூடாது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்க வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புகைக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு கசிவு இருந்தாலும் அதே 25-தான் வரும். ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதானே புகையை வெளியேற்றுகிறது! வேறுபாட்டை வெப்ப விரிவு காட்டிக்கொடுக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் பலமாகக் கேட்டு, உலோகம் சூடாகி விரிந்து விரிசலை அடைத்ததும் குறைந்தால், கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மழைக்காலக் காலையில் ‘கீச்’சென்று கத்துவது பெரும்பாலும் பெல்ட். ஒட்டி, வழுக்கி, மீண்டும் ஒட்டும் உராய்வின் சத்தம் அது. இழுவிசையைச் சரிசெய்தாலோ பெல்ட்டை மாற்றினாலோ தீர்ந்துவிடும்.

மேடு ஏறும்போது தகர டப்பாவில் கோலி குலுக்கியது போல் கேட்பது வேறு விவகாரம். தீப்பொறியின் சுடர் வந்து சேர்வதற்கு முன்பே மிச்சக் கலவை தானாக வெடித்து, சிலிண்டருக்குள் அழுத்த அலைகள் முன்னும் பின்னும் மோதுகின்றன. 8 சென்டிமீட்டர் அகலச் சிலிண்டரில் இதன் அதிர்வெண் 6,000 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். எஞ்சின் மேல் திருகிய ஓர் உணரி இந்த அதிர்வெண்ணுக்காகவே காத்திருந்து, கேட்டதும் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தச் சொல்கிறது. ரோன் 97 கேட்கும் எஞ்சினுக்கு ரோன் 95 ஊற்றினால் இந்த உணரிக்கு வேலை கூடும்.

பட்டறையில் நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். உலோகத்திலிருந்து காற்றுக்குத் தாவும்போது ஒலி ஆற்றலின் பெரும்பகுதி திரும்பிவிடும். திருப்புளி வழியாக வந்தால் அந்த இழப்பு குறைவு. ஆனால் ஓடும் எஞ்சினுக்கு அருகே இதை நீங்கள் செய்யக்கூடாது. பெல்ட்டும் விசிறியும் கையையும் தலைமுடியையும் இழுத்துவிடும். தள்ளி நின்று பதிவு செய்யுங்கள், அதுவும் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும்.

போன மாதம் என் இப்போதைய காரிலும் ஒரு ‘டிக் டிக்’. பதிவு செய்து எண்ணினேன்: 26. எஞ்சினை அணைத்து, சமதளத்தில் ஐந்து நிமிடம் விட்டு, அளவுக் குச்சியை உருவித் துடைத்து மீண்டும் விட்டு எடுத்தேன். எண்ணெய் கீழ்க்கோட்டையும் தொடவில்லை. முக்கால் லிட்டர் ஊற்றியதும் சில நிமிடங்களில் தட்டல் அடங்கியது. ஆனால் எண்ணெய் தானாக எங்கே போகும்? பட்டறையில் காட்டினேன். வால்வு மூடியின் ரப்பர் கேஸ்கெட் கெட்டிப்பட்டுக் கசிந்திருந்தது. போர்மேன் புதிதாக ஒன்று மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மறுபடி நான்கு விநாடி பதிவு செய்தேன். எண்ணுவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.