கோபம் எப்போதும் பாவமா?



தலையான பாவங்கள் ஏழில் கோபமும் ஒன்றென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஆயினும் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் (நமது மயிலை அப்போஸ்தலர் அல்ல, 13-ம் நூற்றாண்டின் வேதபாரகர்) புத்திக்குக் கீழ்ப்பட்டு நீதியை நாடும் கோபம் பாவமன்று என்று போதிக்கிறார். புத்தியை முந்திக்கொண்டு பாய்கிற கோபமே கெடுதி.

இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் போகவேண்டியதில்லை. 1996 நவம்பரில் நமது மந்தைவெளி பஸ் டிப்போவில், ஒரு பஸ்ஸுக்குள், சிதைந்த உடல் ஒன்று அகப்பட்டது. விவரம் வேண்டாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வைத்தியம் படித்த பொன் நாவரசு என்ற பிள்ளை அது. தகப்பனார் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ராகிங்கில் வந்த வினை என்று தெரிந்ததும் தமிழ்நாடே கொதித்தது. மறு மாதமே அவசரச் சட்டம் பிறந்தது. 1997-ல் அது ராகிங் தடைச் சட்டமாயிற்று. 2 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், தண்டனை பெற்றவனுக்கு வேறு கல்லூரியிலும் இடமில்லை. கவனியுங்கள்: அடி உதை மட்டுமல்ல, ஒரு மாணவனுக்குப் பயமும் வெட்கமும் உண்டாக்குவதும் அச்சட்டப்படி குற்றம். “சும்மா விளையாட்டு” என்று பெரியவர்களே சிரித்துக்கொண்டிருந்த வழக்கத்துக்குக் குற்றமென்று பெயரிட வைத்தது ஜனங்களின் கோபமே. நல்ல கோபம்தான்.

ஆனால் அதே கோபம் நியாயஸ்தலத்துக்குள் புகுந்து தீர்ப்பெழுதலாமா? மூத்த மாணவர் ஒருவருக்குக் கடலூர் செஷன்ஸ் கோர்ட் 1998-ல் ஆயுள் தண்டனை விதித்தது. கொலையைக் கண்ணால் கண்ட சாட்சி இல்லை. எல்லாம் சந்தர்ப்ப சாட்சியம். அது போதாதென்று 2001-ல் ஹைக்கோர்ட் அவரை விடுதலை செய்தது. நீதி செத்ததென்று அன்று பேசினவர்களில் நானும் ஒருவன். தீர்ப்பில் ஒரு வரிகூட வாசிக்காமலே பேசினேன். 2011-ல் சுப்ரீம் கோர்ட் அதே சாட்சியங்களை மறுபடி நிறுத்துப் பார்த்து, தண்டனையை நிலைநிறுத்தியது. பெற்ற வயிறு 14 வருஷத்துக்குமேல் காத்திருந்தது; அது லேசான பாரமல்ல. கோபத்திடம் விட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். பிலாத்துவின் வாசலில் கூவின கூட்டமும் ஒரே காலையில் முடித்துவிட்டது. சாட்சியை அது கேட்கவில்லை.

இவ்வருஷம் பிள்ளைகளை விடுதிக்கு அனுப்புவோருக்கு ஒரு வார்த்தை. மாணவன் மட்டுமல்ல, பெற்றோரும் ஆசிரியரும் கல்லூரித் தலைவரிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். அவர் உடனே விசாரிக்கவேண்டும். உண்மை தென்பட்டால் போலீசுக்கு அனுப்பவேண்டும். மேல்வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதை வீட்டில் உரக்க வாசியுங்கள்.