கேபிள் அறுந்தால் மோட்டார் நிற்குமா?

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் இருக்கிறது வல்லம் வட்டாரம். இரு ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் குவியும். அந்த நெல்லை அரைக்கும் வல்லம் ஆலை ஒன்றில் எலிவேட்டர், புளோயர் மோட்டார்களுக்கு டெல்டா எம்எஸ்300 டிரைவ் போட்டு, பிஎல்சியில் இருந்து மோட்பஸ் வழியாக ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

நம்பிக்கை: கேபிளை மாட்டினால் டிரைவ் பேசும்.
உண்மை: மோட்பஸ் 1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை. முகவரி, வேகம், பாரிட்டி, ஸ்டாப் பிட் நான்கும் இருபுறமும் ஒத்துப்போக வேண்டும். டிரைவின் அமைப்பு எண்களில் 09-00 முகவரி, 09-01 வேகம், 09-04 தரவு வடிவம். புது டிரைவ் ஆஸ்கி முறையில் வரும். பிஎல்சி ஆர்டியு முறையில் 8என்1 (8 தரவு பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்) கேட்டால் 09-04-ஐ 12 ஆக்க வேண்டும்.

நம்பிக்கை: ரீடிங் வந்துவிட்டதா, இனி ஸ்டார்ட்டும் கொடுக்கலாம்.
உண்மை: ரீடிங் எடுப்பது வேறு, கட்டளை கொடுப்பது வேறு. புது டிரைவ் கீபேடுக்குத்தான் கட்டுப்படும். வேகத்துக்கு 00-20-ஐ 1 ஆகவும், ஸ்டார்ட்-ஸ்டாப்புக்கு 00-21-ஐ 2 ஆகவும் மாற்ற வேண்டும். அதன்பின் ஹெக்ஸ் 2001 ரெஜிஸ்டரில் 5000 என்று எழுதினால் 50.00 ஹெர்ட்ஸ்.

நம்பிக்கை: ஒவ்வொரு டிரைவிலும் 120 ஓம் மின்தடை போட்டால் சிக்னல் சுத்தமாகும்.
உண்மை: வரிசையின் இரு முனைகளில் மட்டுமே அது வேண்டும். நடுவிலும் போட்டால் பளு கூடி சிக்னல் தளரும். கேபிள் ஒரு டிரைவிலிருந்து அடுத்ததற்குத் தொடராகப் போகட்டும். நீளமான கிளைகள் வேண்டாம். மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போடவும் கூடாது.

நம்பிக்கை: கேபிள் அறுந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும்.
உண்மை: ஆபத்தானது இதுதான். 09-03 என்பது எத்தனை நொடி காத்திருப்பது என்ற அளவு. புது டிரைவில் அது 0, அதாவது கண்காணிப்பே இல்லை. 09-02-உம் 3-இல் இருக்கும்: எச்சரிக்காமல் தொடர்ந்து ஓடு. பிஎல்சி கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். 09-03-க்குச் சில நொடிகள் கொடுத்து, 09-02-ஐ 1 ஆக்கினால் மெல்ல வேகம் குறைந்து நிற்கும். எந்த மோட்டார் நிற்கலாம், எது ஓட வேண்டும் என்பதை ஆலைதான் முடிவு செய்ய வேண்டும். அவசர நிறுத்தத்துக்குத் தனி ஒயரிங் கட்டாயம். அதை மோட்பஸ் பொறுப்பில் விடக் கூடாது.

மாடலுக்கு மாடல் இந்த எண்கள் மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் லோடு இல்லாமல் மோட்டாரை ஓட்டி, தகவல் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். அந்தச் சோதனை செய்யாத வரை அமைப்பு வேலை முடியவில்லை.