மண்ணுக்குள் இருப்பதும் அமானிதமே

அல்ஹம்துலில்லாஹ். அகிலத்தின் அருட்கொடையாம் நம் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



நம் அரியலூர், பெரம்பலூர் மண் பழமையான மண். கங்கைகொண்ட சோழபுரம் இராசேந்திர சோழனின் தலைநகரம். ரஞ்சன்குடிக் கோட்டை ஆற்காட்டு நவாபுகளின் காலத்தைச் சொல்கிறது. 1751-ல் வாலிகண்டபுரத்தில் படைகள் மோதின. இப்படிப்பட்ட பூமியில் உழும்போது பழைய காசு ஒன்று கையில் கிடைப்பது அதிசயமல்ல.

ஆனால் காசு கிடைப்பது வேறு. காசைத் தேடிக் கப்ரைக் கிளறுவது வேறு.

"யாரும் வராத பழைய மையவாடிதானே? வாரிசுகூட இல்லையே? மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடினால் என்ன தப்பு?" என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்பது நல்லது. மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

*கப்ருக்கு உரிய கண்ணியம்*

மையித்தின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (அபூதாவூத்). கப்ரின் மீது உட்காருவதைவிட நெருப்புக் கங்கின் மீது உட்காருவது மேல் என்றும் சொன்னார்கள் (முஸ்லிம்). உட்காருவதற்கே இந்த எச்சரிக்கை என்றால், கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துச் செல்பவரின் நிலை என்ன? கப்ரைத் தோண்டித் திருடுபவரை நபியவர்கள் சபித்ததாக முவத்தாவில் வருகிறது.

நம் மையித்தோடு கஃபனைத் தவிர வேறெதையும் நாம் வைப்பதில்லை. தோண்டுபவருக்கு அங்கே கிடைப்பது பாவம்தான்.

"அப்படியானால் முதுமக்கள் தாழி? அது முஸ்லிம்களுடையது இல்லையே?" என்று கேட்கலாம். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் தங்கப் பட்டங்கள் கிடைத்தன என்ற செய்தி பலருக்கும் ஆசையைத் தூண்டும். ஆனால் ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டார்கள் (புகாரி). அந்தப் பாடம் தாழிக்கும் பொருந்தும்.

அபூரிகால் என்பவனின் கப்ரிலிருந்து பொற்கிளை எடுக்கப்பட்ட செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அதை வைத்து அறியாமைக் காலத்துக் கப்ருகளைப் பற்றிச் சில அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். ஆனால் அதன் அறிவிப்பாளர் தொடர் விமர்சிக்கப்பட்டது. நம் ஊர்ப் புதைகுழிகளில் கை வைக்க அது அனுமதிச் சீட்டு ஆகாது.

*கிடைத்த காசு யாருடையது?*

அறியாமைக் காலத்தில் புதைக்கப்பட்ட செல்வம் 'ரிகாஸ்'. அதில் ஐந்தில் ஒரு பங்கு கடமை (புகாரி, முஸ்லிம்). இஸ்லாமிய அடையாளம் உள்ள காசு என்றால் அது 'லுகத்தா', அதாவது கண்டெடுத்த பொருள். அதை ஓராண்டு அறிவிக்க வேண்டும். மையவாடி பெரும்பாலும் வக்ஃபு நிலம். அங்கே கிடைத்ததை ஜமாஅத்திடமும் முத்தவல்லியிடமும் சொல்லாமல் எடுத்துச் செல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நாட்டின் சட்டமும் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் உண்டு. அடக்கத்தலத்தில் அத்துமீறி நுழைந்து அவமதிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆம் பிரிவின்படி குற்றம்.

*தங்கக் குடம்*

ஒருவர் நிலம் வாங்கினார். அதில் தங்கக் குடம் கிடைத்தது. "நிலத்தைத்தான் வாங்கினேன், தங்கத்தை அல்ல" என்று விற்றவரிடம் கொண்டுபோனார். விற்றவரோ, நிலத்தோடு அதையும் சேர்த்துத்தான் விற்றேன் என்று மறுத்தார். வழக்குக் கேட்டவர், ஒருவரின் மகனுக்கும் மற்றவரின் மகளுக்கும் மணமுடித்து, அதிலிருந்து அவர்களுக்குச் செலவழிக்கவும் தர்மம் செய்யவும் சொன்னார் (புகாரி).

சொந்தமாக வாங்கிய நிலத்தில் கிடைத்ததையே ஏற்கத் தயங்கியவர் அவர். நாமோ காவல் இல்லாத இடத்தைத் தேடிப் போகிறோம். செல்வத்தைப் பெருக்கும் ஆசை கப்ருகளைச் சந்திக்கும்வரை மனிதனின் கவனத்தைத் திருப்பிவிடும் என்று 102-ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்த ஆசையோடேயே ஒருவன் கப்ருக்குள் கை விட்டால், அவன் எங்கே போய்ப் படிப்பினை பெறுவான்?

ஏற்கெனவே தவறு செய்தவர் நம்பிக்கை இழக்க வேண்டாம். முன் சமுதாயத்தில் கப்ர்களைத் தோண்டித் திருடி வந்த ஒருவர், மரண வேளையில் அல்லாஹ்வுக்கு அஞ்சினார். அந்த அச்சத்துக்காக மன்னிக்கப்பட்டார் என்று புகாரியில் வருகிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள், கலைத்த மண்ணைச் சரி செய்யுங்கள், தவ்பா செய்யுங்கள். அடுத்த முறை பழைய மையவாடிக்குப் போனால் முள்ளை வெட்டி, வேலியைச் சரிசெய்து, ஸலாம் சொல்லி, துஆ கேட்டுத் திரும்புங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளை ஹராமிலிருந்து காப்பாயாக. எங்களுக்கு முன் சென்றவர்களின் கப்ருகளை ஒளியாக்குவாயாக. நாளை எங்கள் கப்ருகளையும் பாதுகாப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.